கேள்வி கேட்ட கடை

சலூன் நாற்காலியில் உட்காரும் எவனும் எதிர்ப்பேச்சு பேச முடியாது. கழுத்தைச் சுற்றித் துணி, கன்னம் முழுக்க சோப்பு, தொண்டைக்குப் பக்கத்தில் கத்தி. அப்படிப்பட்ட இடத்தில் பதினேழு வருஷம் நின்று பேசினால் எந்த மனுஷனுக்கும் தான் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றுதான் தோன்றும். நம்ம ஆளுக்கும் அதுதான் நடந்தது. வயிற்றுவலி, வழக்கு, வானிலை, வீட்டுக்கடன், எதைப் பற்றிக் கேட்டாலும் "அட, அது எனக்கு அத்துப்படி" என்பான். கடைசியில் அத்துப்படி என்றே அவனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்கள் கேலிக்கு வைத்தார்கள். அவன் பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த அத்துப்படியின் கார் இன்று காலை ஒன்பதே காலுக்கு, முன்பின் பழக்கமில்லாத ஒரு டவுனின் எல்லையில், 'டப்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு பானெட் இடுக்கிலிருந்து குபுகுபுவென்று நீராவியைக் கக்கியது. அவன் வண்டியை உருட்டாத குறையாக ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் விரல் நீளத்துக்குக் கிழிந்து வாயைப் பிளந்திருந்தது. தண்ணீரெல்லாம் தார்ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்திருப்பான். இன்று அப்படியில்லை. மாலை நாலு மணிக்குள் அவன் மச்சான் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். நாலு மாசமாக அவன் மனைவியும் எட்டு வயது மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். மகளுக்கு நாளைக் காலையில் காதில் ஆபரேஷன். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும். மச்சான் வீட்டிலிருந்து அங்கே போக ஒரு மணி நேரம் ஆகும். ஆபரேஷன் செய்கிற டாக்டர் வெளியூர்க்காரர், மூன்று மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவார். இதற்கெல்லாம் மேலே அந்தப் பொடிசுக்கு ஒரே பிடிவாதம். அப்பா வந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன், இல்லையென்றால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வேன், யார் இழுத்தாலும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அதனால்தான் மனைவி நேற்று போன் பண்ணினாள். நாலு மாசத்தில் அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அவ கேக்கிறதால கூப்பிடுறேன், எனக்காக இல்ல. நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். அதுக்குள்ள வந்துடுங்க. நாளைக்கு நீங்க வரலைன்னா அப்புறம் எந்த நாளும் வரவே வேணாம், சொல்லிட்டேன். பஸ்லயே வாங்க, அந்த ஓட்டை வண்டிய நம்பாதீங்க."

"பஸ்ஸா? நம்ம வண்டி குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்ப என் பொண்ணு ஏன் உங்கண்ணன் கார்ல ஆஸ்பத்திரி போகணும்? வண்டிய பத்திக் கவலைப்படாத, எனக்கு அத்துப்படி."

அவள் போனை வைத்துவிட்டாள். அந்த வார்த்தை அவளுக்கு ஆகவே ஆகாது. அதற்குக் காரணம் இருக்கிறது. ஆறு மாசத்துக்கு முன்னால் காது வலிக்கிறது என்று பிள்ளை வந்து நின்றபோதும் அவன் அதையேதான் சொன்னான். "தினம் முப்பது காதைப் பாக்கிறவன் நான். காது எனக்கு அத்துப்படி." எண்ணெயை இளஞ்சூடாகக் காய்ச்சி ஊற்றினான். மறுநாளும் ஊற்றினான். டாக்டரிடம் போகலாம் என்று மனைவி சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பன்னிரண்டு நாள் இந்த வைத்தியம் நடந்தது. பதின்மூன்றாம் நாள் காலையில் தலையணை உறையில் சீழ் பட்டிருந்தது. செவிப்பறையில் ஓட்டை, உள்ளே புண், அந்தப் பக்கம் முக்கால்வாசி கேட்காது என்றார் டாக்டர். முதல் நாளே வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்குமே என்றும் சொன்னார். புண் ஆறட்டும் என்று இரண்டு மாசம் பார்த்தார்கள், ஆறவில்லை, ஆபரேஷன்தான் என்று ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே மனைவி துணிமணியைப் பெட்டியில் அடுக்கினாள். "உங்களோட இருந்தா என் பிள்ளைய நான் பறிகொடுத்துடுவேன்" என்று மட்டும் சொன்னாள். வாயாடிக்கே வாயடைத்துப்போன நாள் அது.

ஆகவே இன்று அவன் கையில் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

பெட்ரோல் பங்க்காரர் வந்து எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷன். "எங்க போறீங்க?" என்று கேட்டார். ஊரைச் சொன்னான். "அந்தப் பக்கம் பதினொன்றரைக்கு ஒரு பஸ் இருக்கு. இந்த வாசல்லதான் நிக்கும். மூணு மணிக்கெல்லாம் இறக்கி விட்டுடுவான். வண்டி இங்கயே கிடக்கட்டும், நான் பாத்துக்கிறேன். அத விட்டா நாளைக்குக் காலையிலதான் பஸ்ஸு."

"ஒரு ஹோஸ்தானே? அரை மணி நேர வேலை. பஸ்ஸுக்கு முன்னாடி நான் கிளம்பிடுவேன் பாருங்க."

"உங்க இஷ்டம்" என்று பங்க்காரர் போய்விட்டார். கிழிந்த ஹோஸைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு அவன் ஸ்பேர் பார்ட்ஸ் தெருவுக்கு நடந்தான். போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. மனைவிக்குப் பிடித்த சட்டை என்று நேற்று ராத்திரி அவனே இஸ்திரி போட்டது. அதில் கறை பட்டுவிடக் கூடாதே என்று பையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனான்.

முதலில் கண்ணில் பட்டது கம்பெனி ஷோரூம். கண்ணாடிக் கதவு, குளுகுளுவென்று ஏசி, டோக்கன் கொடுக்கும் மெஷின். இருபது நிமிஷம் உட்காரவைத்த பிறகு கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்த பெண் அழகாகச் சிரித்தாள். "ஸ்டாக் இல்ல சார். ஆர்டர் போட்டா வியாழக்கிழமை வந்துடும். போடட்டுமா சார்?" அவள் சார் போட்ட அழகுக்குக் குறைச்சலில்லை. ஆனால் வியாழக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அவன் எழுந்து வெளியே வந்தான்.

தெருமுனையில் ஒரு சின்னக் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில்தான் நிற்க வேண்டும். கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் கையெழுத்து. கவுண்டரில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, ஐம்பது வயசிருக்கும், அவன் நீட்டிய ஹோஸை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன வண்டி தம்பி?"

சொன்னான்.

"எந்த வருஷம்?"

அதையும் சொன்னான்.

"எப்ப வெடிச்சுது? வெடிச்ச அப்புறம் எவ்வளவு தூரம் ஓட்டுனீங்க? ஹீட் முள்ளு எங்க நின்னுச்சு?"

"அக்கா, எனக்கு ஹோஸ் வேணும். ஜாதகமா பாக்க வந்திருக்கேன்?"

அந்த அம்மா சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. "யார் மாட்டப் போறாங்க? மெக்கானிக்கா, நீங்களா?"

அங்கேதான் நம்ம ஆளுக்குச் சுருக்கென்று ஏறியது. அவளுடைய பார்வை அவன் வெள்ளைச் சட்டையிலும், சோப்பு போட்டுச் சோப்பு போட்டு வெளுத்துப்போன அவன் விரல்களிலும் நின்றதாக அவனுக்குப் பட்டது. இவனுக்கு என்ன தெரியும் என்று எடை போடுகிறாள் என்று நினைத்தான். சலூனில் கேள்வி கேட்கிறவன் அவன். அவனை நிற்கவைத்து யாரும் கேட்டதில்லை.

"பொருள் இருக்கா, இல்லையா?"

"இருக்கு. அதுக்குத்தான் கேக்குறேன்."

"நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்கு நாலு மணி ஆயிடும்" என்று ஹோஸைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டான். பொருள் அங்கேயே இருந்தது. இரண்டே பதில் சொல்லியிருந்தால் கைக்கு வந்திருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என்பது அவனைப் பொறுத்தவரை தலையை மொட்டை அடித்துக்கொள்வதற்குச் சமம்.

அதே தெருவில் எதிரே ஒரு பெரிய கடை. ஜனம் ஈ மொய்க்கிறாற்போல் மொய்த்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்ததில் அந்தக் கடையின் நடைமுறை அவனுக்குப் புரிந்தது. கவுண்டரின் வலது பக்கம் கார் சொந்தக்காரர்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர்களை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இடது பக்கம் மெக்கானிக்குகள். கை கறுப்பாக இருந்தால் போதும், வந்தவுடன் 'சொல்லுண்ணே' என்று வரவேற்பு, டீ வேறு. சொந்தக்காரன் ஆயுசில் இரண்டு தடவை வருவான், மெக்கானிக் தினமும் வருவான். வியாபாரி யாரை மதிப்பான்?

மணி பத்தே முக்கால். வலது பக்கம் பதினாலு பேர் நின்றார்கள். அத்துப்படி தூண் மறைவுக்குப் போனான். பையிலிருந்த ஹோஸை எடுத்து, அதன் உள்பக்கத்து அழுக்கையெல்லாம் இரண்டு கையாலும் வழித்தான். நகக்கண் வரைக்கும் தேய்த்துக்கொண்டான். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மனைவிக்குப் பிடித்த அந்த வெள்ளைச் சட்டையின் வயிற்றில் கையைத் துடைத்தான். சட்டை போனால் போகிறது, நேரம் போகக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இடது பக்கம் போய் முழங்கையை ஊன்றி நின்றான்.

காதில் பேனா சொருகிய ஊழியர் உடனே வந்தார். "சொல்லுண்ணே. புதுசா இருக்கீங்களே?"

"பக்கத்து ஊர்ல ஒர்க்‌ஷாப். பதினேழு வருஷமா நடத்துறேன்." பதினேழு வருஷம் மட்டும் உண்மை.

ஊழியர் ஹோஸை ஒரே பார்வை பார்த்தார். உள்ளே திரும்பி ஒரு நம்பரைக் கத்தினார். அரை நிமிஷத்தில் புது ஹோஸ் கவுண்டரில் வந்து விழுந்தது. ஒரு கேள்வி கிடையாது. அடடா, இதல்லவா கடை என்று அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

"ரெண்டு கிளாம்ப், ஒரு கேன் கூலண்ட், சேத்துப் போட்டுடுறேன். இந்த மாடல்ல ஒரு விஷயம்ணே, மேல இருக்கிற..." என்று ஆரம்பித்த ஊழியர் தானே நிறுத்திக்கொண்டு சிரித்தார். "பாருங்க, உங்களுக்குப் போய்ச் சொல்றேன். உங்களுக்குத் தெரியாததா?"

"அத்துப்படி" என்றான்.

பதினொன்று இருபதுக்கு வண்டிக்குத் திரும்பினான். ஹோஸை மாட்டுவது ஒன்றும் பிரமாதமான வேலையில்லை. அவன் கைவேலை சுத்தம், ஹோஸை இறுக்கும் கிளாம்பை நேர்த்தியாகவே முடுக்கினான். அப்போது பஸ் வந்தது. பங்க்காரர் அங்கிருந்தே கையை ஆட்டி, ஏறுங்க ஏறுங்க என்று ஜாடை காட்டினார். அவன் ஸ்பேனரைத் தூக்கிக் காட்டி, முடிஞ்சுது என்று பதில் ஜாடை காட்டினான். பஸ் இரண்டு நிமிஷம் நின்றது. பிறகு போயிற்று. "போ ராசா போ, வழியில உன்னை ஓவர்டேக் பண்றேன்" என்று சிரித்தான்.

கூலண்டை ஊற்றினான், மீதிக்குத் தண்ணீர் ஊற்றினான், ரேடியேட்டர் நிறைந்து வழிந்ததும் மூடியைத் திருகினான். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வண்டி கிளம்பியது. இரண்டே கால் மணி நேரத்தில் போய்விடலாம். மகள் வாசலில் நிற்பாள், ஓடிவருவாள், மச்சானைப் பார்த்து ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்றெல்லாம் மனசு கோட்டை கட்டிக்கொண்டு போயிற்று.

ஆறாவது கிலோமீட்டரில் ஹீட் முள் நிமிர்ந்தது. ஏழாவதில் சிவப்பைத் தொட்டது. ஹோஸ் புதுசு, தண்ணீர் நிறைய இருக்கிறது, அப்புறம் எப்படிச் சூடாகும்? மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று முடிவு பண்ணிவிட்டான். எட்டாவது கிலோமீட்டரில் எஞ்சின் திணறியது, கருகல் வாடை வந்தது, ஓரங்கட்டுவதற்குள் நின்றே போயிற்று.

புத்தி உள்ளவன் அங்கேயே கையைக் காட்டி ஏதாவது வண்டியில் தொற்றிக்கொண்டு போயிருப்பான். அப்போதுகூட நேரம் இருந்தது. நம்ம ஆள் முக்கால் மணி நேரம் எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்தான். தண்ணீர் ஊற்றினான். திரும்ப எடுத்தான். ஒன்றரைக் கிலோமீட்டர் போய் மறுபடி நின்றது. மறுபடி ஆறவைத்தான், மறுபடி எடுத்தான். மூன்றாவது தடவை எஞ்சின் உள்ளே என்னவோ உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, பின்னாலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புகை வந்தது, அதற்கப்புறம் சாவியைத் திருகினால் ஒரு முனகல்கூட இல்லை. மணி ஒன்றே முக்கால். உச்சி வெயில். அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை மோதிக்கொண்டான். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. "கடவுளே, இன்னிக்கு ஒரு நாள், இந்த ஒரே ஒரு நாள்" என்று வாய்விட்டுக் கெஞ்சினான்.

பிறகு ரோட்டில் நின்று போகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினான். கரி பூசிய சட்டையும் கலைந்த தலையுமாக நிற்பவனுக்கு எவன் நிறுத்துவான்? இரண்டு கார்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போயின. கடைசியில் எதிர்ப்பக்கம் போன பால் வண்டி ஒன்று நின்றது. அது டவுனுக்குத் திரும்புகிற வண்டி. ஏறிக்கொண்டான். ஏதோ ஒரு பார்ட்ஸ் தப்பு, அதை மாற்றினால் ஓடிவிடும் என்ற நப்பாசை இன்னும் செத்துப்போகவில்லை.

பெரிய கடையில் இடது பக்கம் போய் நின்றான். "நீங்க குடுத்த ஹோஸ் டூப்ளிகேட்! மாட்டி எட்டுக் கிலோமீட்டர் தாண்டல, எஞ்சின் போச்சு!"

பேனா ஊழியர் அமைதியாகக் கேட்டார். "ஹோஸ் கிழிஞ்சுதா?"

"இல்ல."

"ஒழுகுதா?"

"இல்ல."

"அப்புறம் ஹோஸ் மேல என்ன குத்தம்? ஏர் எடுத்தீங்களா?"

"என்ன ஏர்?"

கவுண்டரில் சாய்ந்திருந்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒருவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "எஞ்சின் மேல ஒரு ஸ்க்ரூ இருக்குமேண்ணே. அதைத் திறந்து உள்ள இருக்கிற காத்தை வெளிய விடாம ஓட்டுனா தண்ணி சுத்தாது. ரெண்டாங்கிளாஸ் பாடமாச்சே இது. எந்த ஊர்ல உங்க ஒர்க்‌ஷாப்பு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஊழியர் சிரிக்கவில்லை. "நான் சொல்ல வந்தேன். அத்துப்படின்னு நீங்கதானே சொன்னீங்க. மெக்கானிக்குக்கு எவன் பாடம் எடுப்பான்? வழிய விடுங்க, ஆள் நிக்குது."

அவன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரோ அவன் தோளை மெதுவாக ஒதுக்கிவிட்டு முன்னால் போனார்கள்.

இரண்டு இருபத்தைந்துக்குத் தெருமுனைக் கடைப்படியில் ஏறினான். மூக்குக் கண்ணாடி அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க தம்பி. தண்ணி குடிங்க." பிறகு காலையில் கேட்ட மாதிரியே கேட்டாள். "முள்ளு எங்க நின்னுச்சு?"

"சிவப்புல."

"அப்புறமும் ஓட்டுனீங்களா?"

"ஓட்டுனேன்."

"எத்தனை தடவை?"

"மூணு."

"புகை என்ன கலரு?"

"வெள்ளை. அக்கா, என்ன பார்ட்ஸ் போடணும்னு சொல்லுங்க, எதுன்னாலும் வாங்கிக்கிறேன். நாலு மணிக்குள்ள நான் போயாகணும். என் பொண்ணுக்கு ஆபரேஷன். நான் போகலைன்னா அவ போகமாட்டா. என் பொண்டாட்டி என்னை வாசப்படி ஏத்த மாட்டா. எதுன்னாலும் குடுங்க அக்கா, உங்க கால்ல விழறேன்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு தம்பி, எஞ்சின் மூடிக்கு அடியில இருக்கிற அடைப்பு. சூட்டுல அந்த மூடியும் வளைஞ்சிருக்கும். அது மூணு நாள் வேலை. இன்னிக்கு நாலு மணிக்கு உங்களைக் கொண்டுபோய் விடுற பார்ட்ஸ் என் கடையில இல்ல, எந்தக் கடையிலயும் இல்ல." கொஞ்சம் தயங்கிவிட்டு, "காலையில யார் மாட்டப் போறாங்கன்னு கேட்டேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? நீங்கன்னு சொன்னா எப்படி மாட்டணும்னு எழுதிக் குடுத்து அனுப்பத்தான் கேட்டேன்" என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவளாவது திட்டியிருக்கலாம்.

"வாடகைக் கார்?" என்று அவளே கேட்டாள்.

"இப்ப ஏறினாலும் அஞ்சு மணி ஆயிடுமே."

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி. அவன் எடுக்கவில்லை. நின்றது. திரும்ப அடித்தது. கடைக்கார அம்மா "எடுங்க" என்றாள்.

"எங்க வந்துட்டீங்க? இவ காலையிலேருந்து வாசல்லயே நிக்கிறா."

நாக்கின் நுனியில் எத்தனையோ பொய் வந்து நின்றது. இதோ பக்கத்தில் வந்துட்டேன், டிராபிக், பத்து நிமிஷம், எல்லாம் வாடிக்கையாக வருகிறவைதான். எதைச் சொன்னாலும் நாலு மணி வரைக்கும் தாங்கும். அவன் அழுக்குக் கையைப் பார்த்தான்.

"வண்டி போச்சு. பஸ்ஸையும் விட்டுட்டேன். வர முடியல. தப்பு பூரா என்னோடதுதான்."

அவள் போனை வாயிலிருந்து நகர்த்தி யாரிடமோ ஏதோ சொன்னாள். ஒரு வீறல் கேட்டது. ஓடுகிற சத்தம், கதவு அடிக்கிற சத்தம், மச்சானின் குரல்.

"கட்டிலுக்கடியில போயிட்டா. அண்ணன் இழுத்துப் பாத்தாச்சு, கையக் கடிச்சுட்டா." மனைவியின் குரலில் கோபம்கூட மிச்சமில்லை. "இந்தத் தடவை விட்டா மூணு மாசம். அதுக்குள்ள புண்ணு எலும்புக்குப் போயிடும்னு சொல்லியிருக்காங்க. நீங்களே பேசுங்க. போனை உள்ள தள்ளுறேன்."

தரையில் போன் உராய்கிற சத்தம். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"கண்ணு, அப்பா பேசுறேன். எந்தக் காதுல வச்சிருக்க?"

"நல்ல காதுல. எங்கப்பா இருக்க?"

"ஒரு கடையில இருக்கேன். வண்டி கெட்டுப்போச்சுடா."

"நீ சரி பண்ணிட்டு வா. நான் இங்கயே இருக்கேன்."

"என்னால முடியாதுடா. அப்பாவுக்கு அது தெரியல. தெரியாமப் பண்ணித்தான் கெட்டுப்போச்சு."

அப்பா வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து அவள் கேட்டதில்லை.

"ஆபரேஷன் வலிக்குமாப்பா?"

வலிக்காது என்று சொல்லத்தான் வாய் திறந்தது. அதற்குள் அவளே பேசினாள்.

"எண்ணெய் ஊத்தறப்ப நீ வலிக்காதுன்னு சொன்ன. ரொம்ப வலிச்சுது. நீ சொன்னியேன்னு நான் வலிக்கலன்னு சொன்னேன். தினமும் சொன்னேன்."

பன்னிரண்டு நாள். ஒவ்வொரு நாளும் எண்ணெயை ஊற்றிவிட்டு "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பான். "வலிக்கலப்பா" என்பாள். பார்த்தியா என்று மனைவியை ஒரு பார்வை பார்ப்பான். அவன் ஸ்டூலிலிருந்து நழுவிக் கடைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். கரிக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடைக்கார அம்மா அட்டைப்பெட்டிகள் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"அப்பா? இருக்கியா?"

"இருக்கேன்டா." போனை இன்னொரு கைக்கு மாற்றினான். "வலிக்குமான்னு எனக்குத் தெரியாதுடா கண்ணு. நிஜமாத் தெரியாது. அந்த டாக்டருக்குத்தான் தெரியும். போய் அவர்கிட்ட நீயே கேளு. வலிச்சா வலிக்குதுன்னு சத்தமாச் சொல்லு. யாரு வலிக்காதுன்னு சொன்னாலும், நான் சொன்னாலும், உனக்கு வலிச்சா வலிக்குதுன்னுதான் சொல்லணும். சரியா?"

"நீ கோவிச்சுக்க மாட்டியே?"

"மாட்டேன். சத்தியமா மாட்டேன்."

அவள் யோசித்தாள். யோசிப்பது அவனுக்குக் கேட்டது.

"சரி" என்றாள். முழங்காலால் தவழ்ந்து வெளியே வருகிற சத்தம். போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டுதான் வந்தாள் போலிருக்கிறது. எல்லாம் தெளிவாகக் கேட்டது. "அம்மா, டாக்டர்கிட்ட நானே கேக்கணும். மாமா, சாரி, கை வலிக்குதா? வாங்க போலாம். அப்பா வரல."

செருப்பு மாட்டுகிற சத்தம், பை தூக்குகிற சத்தம், கார்க் கதவு இரண்டு தடவை சாத்துகிற சத்தம். போன் மனைவியின் கைக்கு மாறிவிட்டது என்பது மூச்சிலிருந்தே அவனுக்குத் தெரிந்தது. அவள் ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தான். வாங்க என்றோ, வராதீங்க என்றோ, ஏதாவது ஒன்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மச்சானின் வண்டி கிளம்புகிற சத்தத்தோடு போன் நின்றது.

கடைச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றாக இரண்டு நிமிஷம் இருந்தது. நாலு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தும் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.